செம்மநத்தத்தில் நான் போட்ட பிறைகள்

ஒரு வருஷம் செம்மநத்தத்திலிருந்து எங்கள் கடைக்கு ஒரு மூட்டை காப்பிகூட வரவில்லை. அதற்கு நான்தான் காரணம் என்று என்னைப் பெற்ற அத்தா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்துவிட்டால் போதும், "இந்தா உக்காந்திருக்குதே, இது ஒரு காலத்துல நொம்பப் பெரிய வியாபாரி" என்று ஆரம்பித்துவிடுவார். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரித்து வைப்பேன். அம்மாவின் தம்பியான என் மாமா அங்கே இருந்தால் மட்டும் மெல்ல எழுந்து வெளியே போய்விடுவார். அத்தாவுக்கு அந்தக் கதையில் பாதிதான் தெரியும். மீதிப் பாதி எங்கள் வீட்டில் மாமாவுக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். எனக்குத் தெரிந்திருந்ததே தவிர, புரிவதற்குப் பல வருஷம் ஆயிற்று.

அப்போது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். அத்தா சேலத்திலிருந்து மலையேறி வந்து ஏற்காட்டில் கடை போட்டவர். முன்பக்கம் மளிகை, பின்பக்கம் மலைக்காரர்களிடம் வாங்கிய காப்பி, மிளகு, ஆரஞ்சு. எஸ்டேட் காப்பியெல்லாம் பெரிய இடத்துச் சமாசாரம், அந்தப் பக்கம் அத்தா தலைவைத்துப் படுக்கமாட்டார். செம்மநத்தம், கொட்டச்சேடு மாதிரி ஊர்களில் அரை ஏக்கரும் ஒரு ஏக்கருமாக வைத்திருந்த கவுண்டர்களிடம்தான் வாங்குவார்.

பழம் சிவக்கத் தொடங்கும்போதே ஊர் ஊராகப் போய்ப் பேசிவிட்டு வருவார். பேச்சு முடிந்த வீட்டுக் கதவில் சாக்பீஸால் ஒரு பிறை வரைவார். மஞ்சளும் குங்குமமும் வைத்திருக்கும் நிலையைத் தொடமாட்டார். இடதுபக்கப் பலகையில் இடுப்பு உயரத்தில் சின்னதாக ஒரு பிறை, அவ்வளவுதான். இந்த வீட்டுக் காப்பி எங்களுக்கு என்று பேசியாகிவிட்டது என்று அதற்கு அர்த்தம். அதைப் பார்த்த பிறகு வேறு வியாபாரி அந்த வாசலில் கால் வைக்கமாட்டான். ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: பிறையைப் போட்டவரே அதை அழிக்க வேண்டும். மூட்டை ஜீப்பில் ஏறியதும் அத்தா துண்டை நனைத்துத் துடைத்துவிட்டு வருவார். அதற்கு முன்னால் யார் அழித்தாலும் பேச்சு முறிந்ததாக ஆகிவிடும். சாரலில் கலைந்துபோனால்கூட வீட்டுக்காரர்கள் தொடமாட்டார்கள், ஆள் அனுப்பிச் சொல்லிவிடுவார்கள். இவர் போய் மறுபடி வரைந்துவிட்டு வருவார்.

மாமா இந்தத் தொழிலை அத்தாவிடம்தான் கற்றுக்கொண்டார். காய்ந்த காப்பிக் கொட்டையை ஒரு கடி கடித்துவிட்டு இன்னும் எத்தனை வெயில் காயவேண்டும் என்று சொல்லிவிடுவார். அந்தப் பல்லுக்கு ஆப்பிரிக்காவில் வேலை கிடைத்தது. சியரா லியோன் என்ற நாட்டில் ஒரு பம்பாய்க்காரர் காப்பியும் கோகோவும் வாங்கிக் கப்பலில் அனுப்பிக்கொண்டிருந்தார். கிராமங்களுக்குள் போய் வாங்க அவருக்கு ஆள் தேவைப்பட்டது. நாட்டின் பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. ஆப்பிரிக்கா என்றே சொன்னோம், அது ஏதோ அரூருக்குப் பக்கத்தில் இருக்கிற மாதிரி.

போன முதல் வருஷமே ஒரு கடிதம் வந்தது. இங்கேயும் நம்மூர் போலத்தான் மலை, மழை, காப்பி. ஜனங்களும் நல்ல மாதிரி. மச்சானுடைய பிறையை இங்கேயும் கதவுகளில் போட ஆரம்பித்திருக்கிறேன், சட்டத்தையும் சொல்லிக்கொடுத்துவிட்டேன், ஒருவர்கூட மீறுவதில்லை. இப்படி எழுதியிருந்தார். அத்தாவுக்குத் தலைகால் புரியவில்லை. கடிதத்தைக் கல்லாப்பெட்டியிலேயே வைத்திருந்து, சீனி வாங்க வந்தவரையும் நிறுத்திப் படித்துக் காட்டினார். "நம்ம கடைக் குறி கடல் தாண்டிப் போயிருச்சுங்க" என்பார்.

நான்காவது வருஷம் மாமா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை. ஆள் பாதியாகியிருந்தார். அந்த நாட்டில் சண்டை என்று பத்திரிகையில் எப்போதாவது நாலு வரி வரும், கிராமங்களைக் கொளுத்துகிறார்கள் என்று வரும். அதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. "உசுரோட வந்துட்டியே தம்பி, அது போதும்" என்று அம்மா அழுதாள். அவரிடம் எதையும் கேட்கக் கூடாது என்று எங்கள் எல்லோருக்கும் உத்தரவு போட்டாள். அத்தா கேட்கவில்லைதான். ஆனால் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டுவதை மட்டும் அவர் விடவில்லை. மாமாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே படிப்பார். பாதியில் மாமா எழுந்து பின்கட்டுக்குப் போய்விடுவார். கூச்சம் என்று அத்தா நினைத்துக்கொண்டார்.

எனக்கு மாமா என்றால் உயிர். கொட்டை கடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வேறு யாரிடமும் பேசாதவர் என்னிடம் நாலு வார்த்தை பேசுவார், அந்தப் பெருமை வேறு. ஆனால் அவருக்கு வியாபாரத்தில் மனசு ஒட்டவில்லை. இந்த சீசனிலும் தேறாவிட்டால் சேலத்தில் சித்தப்பாவின் செருப்புக் கடைக்கு அனுப்பிவிடலாம் என்று அத்தா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அன்றையிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவை எப்படியாவது தேற்றியே தீருவது என்று முடிவு செய்தேன்.

அந்தச் சமயம் பார்த்து அத்தாவுக்கு முழங்கால் வீங்கிக்கொண்டது. செம்மநத்தத்துக்கு மாமா போகட்டும் என்று சாக்பீஸை அவர் கையில் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் நானும் பஸ்ஸில் கூடப் போனேன். மாமா வீடு வீடாகப் போனார், களத்தில் குந்திக் கொட்டையைக் கடித்துப் பார்த்தார், பதமாகப் பேசினார். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. ஒரு கதவிலும் பிறை போடவில்லை, அவ்வளவுதான். "குறி போடலீங்களா?" என்று ஒருவர் கேட்டதற்கு, "பேசிட்டமுங்களே, அது போதுமுங்க" என்று நகர்ந்துவிட்டார்.

நாலே நாளில் சேலத்திலிருந்து லாரியோடு வந்த ஒருவன், வெற்றுக் கதவுகளைப் பார்த்துவிட்டு, நாலைந்து வீட்டுக் காப்பியை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அத்தா கட்டிலில் படுத்தபடியே கத்தினார்.

"குறி போட்டியா இல்லியா மாப்ள?"

"பேசிட்டுத்தான் வந்தேன் மச்சான்."

"பேச்சு காத்தோட போயிருமப்பா! சாக்பீஸு எங்க?"

மாமா சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். முனைகூடத் தேயாமல் அப்படியே இருந்தது. அத்தா அம்மாவைப் பார்த்தார். செருப்புக் கடை என்று அந்தப் பார்வையிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

அடுத்த ஞாயிறு மிச்ச வீடுகளோடு பேச மாமா மறுபடி கிளம்பினார். நானும் அடம்பிடித்துத் தொற்றிக்கொண்டேன். என் பாவாடை மடிப்பில் பள்ளிக்கூடத்தில் திருடிய இரண்டு சாக்பீஸ்கள் இருந்தன. மாமா மறந்துவிடுகிறார், அவருக்குப் பதிலாக நான் போட்டுவிட்டால் வேலை முடிந்தது. இதுதான் என் திட்டம். அதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஊருக்கு மேலே களத்து மேட்டில் ஒரு கவுண்டரோடு மாமா பேசிக்கொண்டிருந்த நேரத்தில் நான் கீழே தெருவுக்குள் நழுவினேன். யார் யாரோடு பேச்சு முடிந்தது, யாரோடு முடியவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒரு வீட்டையும் விட்டுவைக்கவில்லை. காப்பிச் செடியே இல்லாத, இரண்டு பலாமரம் மட்டும் வைத்திருந்த வீட்டுக்கும் போட்டேன். கூலிக்குப் போகிறவர்களின் குடிசைத் தட்டிக்கும் போட்டேன். கடைசியில் ஒரு ஆட்டுப் பட்டிக்கும் போட்டேன். பெரும்பாலானவர்கள் தோட்டத்தில் பழம் பறித்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்த இரண்டொரு பெண்கள் கடைக்காரர் பெண்தானே என்று பார்த்துச் சிரித்தார்கள். என் பிறைகள் அத்தாவுடையதைவிடப் பெரிதாகவும் அழகாகவும் இருந்ததாக எனக்கு நினைவு.

மாமா தெருவுக்குள் இறங்கி வந்தார். நான் வாயெல்லாம் பல்லாக நின்றிருந்தேன். முதல் கதவைப் பார்த்தவர் நின்றுவிட்டார். இரண்டாவதைப் பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. "யார்றா போட்டது?" என்று கத்தினார். அது என்னிடம் கேட்ட கேள்வி இல்லை. தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக் கத்தினார். பிறகு உள்ளங்கையால் கதவைத் தேய்க்க ஆரம்பித்தார். எச்சில் தொட்டுத் தேய்த்தார், சட்டையைக் கழற்றித் தேய்த்தார், ஒரு கதவை முடித்துவிட்டு அடுத்ததற்கு ஓடினார். செதுக்காத பலகை கையைக் கிழித்தது, வெள்ளையோடு ரத்தமும் இழுபட்டது. பெண்கள் வெளியே வந்துவிட்டார்கள். வியாபாரியே குறியை அழித்தால் பேச்சை முறித்துக்கொண்டான் என்றுதானே அவர்களுக்குத் தெரியும்.

"ஏனுங்க, எங்க காப்பி வேண்டாமுங்களா?" என்று ஒரு அம்மா பதறினாள்.

மாமா அடுத்த கதவுக்குப் போய்விட்டார். ஆறேழு கதவுகள் முடிந்தபோது கால் இடறி வாசலில் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவில்லை, அங்கேயே தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த வருஷம் காப்பி வராமல் போனதற்கு இதுதான் காரணம். அத்தாவுக்குத் தெரிந்த பாதியும் இத்துடன் முடிகிறது.

களத்து மேட்டிலிருந்த கவுண்டர் ஓடிவந்து மாமாவைத் தூக்கித் தன் வீட்டுக்குள் கொண்டுபோனார். அவர் வீட்டம்மா தண்ணீர் விட்டுக் கையைக் கழுவி, துணி கிழித்துக் கட்டி, வெல்லம் போட்ட கட்டங்காப்பி கொடுத்தாள். "பொறுமையாக் குடிங்க சாமி. கொழந்தப்புள்ள தெரியாமப் போட்டுடுச்சு, அதுக்குப் போயி" என்றாள். நான் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றேன். அடி விழும் என்று எதிர்பார்த்தேன். மாமா டம்ளரைப் பிடித்தபடி அவர்களிடம் பேச ஆரம்பித்தார். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சொல்லாததை, முன்பின் பழகாத அந்த இரண்டு பேருக்கும் சொன்னார்.

ஆப்பிரிக்காவில் அவர் தங்கியிருந்த ஊர் செம்மநத்தம் அளவுதான் இருக்குமாம். இதே மாதிரி புருஷனும் பெண்டாட்டியுமாக இருந்த ஒரு வீட்டில்தான் சாப்பாடு, படுக்கை எல்லாம். ஊரில் பன்னிரண்டு கதவுகளில் பிறை போட்டிருந்தார். களத்தில் காப்பி காய்ந்துகொண்டிருந்த நாளில் பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் ஓடிவந்தான். அவனுடைய ஊரிலும் மாமாதான் காப்பி வாங்கிக்கொண்டிருந்தார். அங்கே காட்டுக்குள்ளிருந்து துப்பாக்கியும் வெட்டுக்கத்தியுமாக ஒரு கும்பல் வந்ததாம். யாரிடம் என்ன இருக்கிறது என்று முதலில் அவர்களுக்குத் தெரியவில்லை. அடி தாங்காமல் எவனோ சொல்லிவிட்டான், கதவில் பிறை இருந்தால் அந்த வீட்டில் காப்பியும் அரிசியும் இருக்கும் என்று. அப்புறம் அவர்கள் யாரையும் விசாரிக்கவில்லை. பிறை இருந்த கதவாகப் பார்த்துப் போனார்கள். ஆண்களை வாசலில் இழுத்துப்போட்டு வெட்டினார்கள். மிச்சப்பேரை உள்ளே வைத்துப் பூட்டிக் கொளுத்தினார்கள். சுமக்கத் திராணியுள்ள பிள்ளைகளின் தலையில் மூட்டையை ஏற்றிக் காட்டுக்குள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

"வந்தவனுங்க பெரிய ஆளுங்க இல்லீங்க, பாதிப்பேரு பசங்க" என்றார் மாமா. "துப்பாக்கி கனம் தாங்காம தோளு ஒருபக்கமா எறங்கிக் கெடக்குமாம்."

அந்தம்மா என்னைப் பிடித்து இழுத்துத் தன் மடியில் உட்கார்த்திக்கொண்டாள்.

"நீங்க இருந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லலீங்களா?" என்று கவுண்டர் கேட்டார்.

"சொன்னேனுங்க. நாளைக்குப் போறம்னாங்க. களத்துல காயுது, உட்டுட்டு எப்படிப் போறதுன்னாங்க."

கவுண்டர் வாசலுக்கு வெளியே தன் களம் இருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார். "அது நெசந்தானுங்களே. எப்படி உட்டுட்டுப் போறது" என்றார். பிறகு, "குறியையாச்சும் அழிச்சிருக்கலாமே அவங்க" என்றார்.

"போட்டவந்தான் அழிக்கணும்னு நான்தானுங்க சொல்லிவெச்சிருந்தேன்" என்றார் மாமா. "என்னையப் பாத்துட்டே நின்னாங்க."

பம்பாய்க்காரருடைய லாரி வந்திருந்தது. இருக்கிற மூட்டையை ஏற்றிக்கொண்டு உடனே டவுனுக்கு வந்துவிடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். மாமா மூட்டைகளை ஏற்றினார். அதற்கே வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது. பிறகு ஓடிப்போய்த் தான் சாப்பிட்ட வீட்டுக் கதவில் இருந்த பிறையைத் துடைத்தார். அந்த ஒன்றைத்தான் துடைத்தார். மறுநாள் விடிந்ததும் கும்பல் அந்த ஊருக்கும் வந்தது. துடைத்த கதவைத் தாண்டிப் போய்விட்டது. பத்து நாள் கழித்து டவுனில் அந்த வீட்டு அம்மாளை மாமா பார்த்தார். அவள்தான் மற்ற பதினோரு வீட்டுக் கதையையும் சொன்னாளாம். சொல்லி முடித்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாளாம்.

எனக்குக் கதை விளங்கிவிட்டது, ஒன்றைத் தவிர. விளங்காததைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நல்ல பழக்கத்தைப் பள்ளிக்கூடத்தில் ஊட்டியிருந்தார்கள். கேட்டேன்.

"அப்ப ஏம் மாமா மத்த கதவையெல்லாம் அழிக்கல?"

அந்தம்மா என் வாயைப் பொத்தினாள், ஆனால் நான் கேட்டு முடித்துவிட்டிருந்தேன். மாமா என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வதைப் போல இல்லாமல், பெரியவர்களுக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்.

"லாரிக்காரன் ஹாரன் அடிச்சிட்டே இருந்தான் கண்ணு."

எனக்கு அந்தப் பதில் முழுத் திருப்தியாக இருந்தது. ஹாரன் அடித்தால் ஓடத்தான் வேண்டும். எங்கள் மலையில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் அது தெரியும். ஒரு பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது, டிரைவர் யாருக்காகவும் நிற்கமாட்டார். பாவம் மாமா, அவர் என்ன செய்வார் என்று நினைத்தேன். அப்படியே வாய்விட்டும் சொன்னேன். "ஆமா மாமா, லாரி போயிருக்குமில்ல." கவுண்டர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

அந்த நேரத்தில்தான் ஊருக்குக் கீழே ரோட்டில் எங்கள் பஸ்ஸும் வந்து திரும்பி நின்று ஹாரன் அடித்தது. சாயங்காலம் ஏற்காட்டுக்கு அது ஒன்றுதான். நான் மடியிலிருந்து குதித்து மாமாவின் கையைப் பிடித்து இழுத்தேன். கட்டுப்போட்ட துணியில் பட்டு அவருக்கு வலித்திருக்க வேண்டும். எழுந்தார், வெளியே வந்தார். வந்தவர் ரோட்டுப் பக்கம் திரும்பாமல், தான் விட்ட கதவிலிருந்து மறுபடி துடைக்க ஆரம்பித்தார். இந்த முறை ஓட்டமும் இல்லை, கத்தலும் இல்லை. அந்தம்மா கொடுத்த ஈரத்துணியால் ஒவ்வொரு பிறையாக, ஒரு கீற்றுகூட மிச்சமில்லாமல், நிதானமாகத் துடைத்தார்.

பஸ் மறுபடி அடித்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. மறுநாள் கணக்குப் பரீட்சை. ஆளுக்குப் பாதியாகத் துடைத்தால் சீக்கிரம் முடியுமே என்று என் பாவாடை நுனியால் ஒரு கதவைத் துடைக்கப் போனேன். "வேண்டாங் கண்ணு, நானே அழிக்கறேன்" என்றார். போட்டது நான்தானே, நான்தானே அழிக்க வேண்டும் என்று சட்டம் பேசினேன். அவர் காதில் அது விழுந்த மாதிரியே தெரியவில்லை. பலாமரத்து வீட்டுக் கதவை முடித்தார். கூலிக்காரர்களின் தட்டியை முடித்தார். நான் தெருவின் நடுவில் நின்று, போகுது மாமா, போகுது மாமா என்று கத்திக்கொண்டிருந்தேன். ஹாரன் நீளமாக ஒருமுறை அடித்து ஓய்ந்தது. வளைவில் பஸ் இரைந்து ஏறிப்போகும் சத்தம் கேட்டபோது அவர் ஆட்டுப் பட்டியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து துடைத்துக்கொண்டிருந்தார்.

முடித்துவிட்டு வந்து, "போலாமா கண்ணு" என்றார். முகம் கழுவியதைப் போல இருந்தது. நான் கையைக் கொடுக்கவில்லை. நின்றுகொண்டிருக்கிற பஸ்ஸைக்கூடப் பிடிக்கத் தெரியாத இந்த மனுஷரை நம்பி ஆப்பிரிக்காவுக்கு எப்படித்தான் அனுப்பினார்களோ என்று, ஏற்காடு வந்து சேரும்வரை அவரைத் திட்டிக்கொண்டே நடந்தேன்.